மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு

செந்தூல், பதினோராம் மாடி.
லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது.
சிலேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
படியேறி வந்தான் பூன் கியாட்.
வியர்வையில் எழுத்து அழிந்துவிடுமாம்.
முப்பது மீட்டர் நீருக்கடியில் அழியாத பென்சில்
செந்தூல் படிக்கட்டில் அழியுமா என்றேன்.
சிரிக்கவில்லை.
குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

எங்கள் ஆவணக்கூடம் இந்தச் சாப்பாட்டு மேசை.
மீன்கறிச் சட்டியைத் தள்ளிவைத்தால் வடக்கு தெரியும்.
சுங்கை பீசி பக்கம், பழைய ஈயக் குட்டை,
அதன் அடிச்சுவரில் ஓர் ஆள் நுழையும் வாய்,
அங்கிருந்து நாங்கள் கட்டிய கயிறு,
மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு,
மொத்தம் ஐம்பத்து நாலு.

பன்னிரண்டாம் முடிச்சு வளைவை
இருநூற்றுப் பத்து பாகை என்றான் இவன்,
இருநூற்றுப் பதினான்கு என்றான் ஹபிசுல்.
நாலு பாகை.
மேலே அது கொஞ்சம் கோணலாய்ப் போட்ட நாற்காலி.
கீழே, வழியா சுவரா என்பது.
நான் இரண்டு கோடும் போட்டேன்,
ஒன்று நீலம், ஒன்று பழுப்பு.
இரண்டும் கிடக்கட்டும்.

முன்பெல்லாம் கேட்டவர்க்கெல்லாம் நகல் கொடுத்தோம்.
ஒரு நகல் கைமாறிக் கைமாறி
இரண்டு பையன்களிடம் போனது.
ஒருவன் வந்தான்.
மற்றவனை மறுநாள் பிரேமளா கொண்டுவந்தாள்.
படத்தில் பிழையில்லை,
எத்தனையோ முறை சரிபார்த்தேன்.
அதற்குப் பிறகு எட்டுப் பேர்,
ஒரு கடவுச்சொல், ஒரு பிஸ்கட் டின்.

அதனால்தான்
குட்டைக்கரையில் முப்பத்தெட்டு மாடி எழுப்ப
பைலிங் போட வந்தவர்களுக்கும் தெரியவில்லை.
அவர்கள் துளைக்கோல் ஒருநாள்
எதிலும் முட்டாமல் இறங்கியது.
அறிக்கையில் அதற்குப் பெயர் வெற்றிடம்.
வெற்றிடத்தை என்ன செய்வார்கள்.
மூன்று இரவு, அறுபது லாரி.

கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா?
கேட்பதற்கு
நாங்கள் இருப்பது யாருக்குத் தெரியும்?

சிலேட்டைத் திருப்பினேன்.
கோழி கிளறிய கையெழுத்து:
முடிச்சு பதினேழு. ஆழம் முப்பத்தொன்று.
பால்போல் கலங்கல், கை தெரியவில்லை.
கை தெரியாத இடத்தில் கைதான் எழுதியிருக்கிறது.
அதற்குக் கீழே, அழுத்தி:
கயிறு சுவருக்குள் போகிறது.
நான் போகவில்லை.

மீதி முப்பத்தேழு முடிச்சையும் அழித்துவிடு என்றான்,
இல்லாத இடத்துக்கு எதற்குப் படம்.
புள்ளிக்கோடு என்றால் இன்னும் அளக்காதது.
முழுக்கோடு என்றால் அளந்தது.
அளந்து, பிறகு அடைத்ததற்கு
எங்கள் குறிகளில் ஒன்றுமில்லை.
சட்டியின் அடிவட்டம் மேசையில் உலர்ந்துகொண்டிருந்தது.
பூன் கியாட் சோறு சாப்பிட்டான்.
நான் முழுக்கோட்டையே விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை
டின்னை அப்படியே நிலவியல் அலுவலகத்துக்குத் தூக்கிப்போனேன்.
எட்டுப் பேரில் மூவர் சம்மதிக்கவில்லை.
கவுண்டரில் இருந்தவர்
படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.
இது எங்கே இருக்கிறது?

அவர் தலைக்குப் பின்னால்
யாரோ அன்பளித்த காலண்டர்.
அதில் அந்த முப்பத்தெட்டு மாடி,
எல்லா ஜன்னலிலும் விளக்கு,
கீழே குட்டை, கண்கூசும் நீலம்.

அதற்கு அடியில், என்றேன்.
அவர் காலண்டரைத் தூக்கி
அடியில் பார்த்தார்.