இடப்பக்கம் மெல்லாதவள்

கிரீனக்கில் கார் நிறுத்தத்துக்குத் தோண்டியபோது
எழுந்து வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.
இவள் நாற்பத்தொன்று.
அட்டைப்பெட்டியின் மேல் அவ்வளவுதான் பெயர்.

ஸ்காட்லாந்து மழை ஜன்னலை விடுவதாக இல்லை.
யூனா தேநீர் வைத்துவிட்டுப் போகிறாள்,
இரண்டு கட்டி சர்க்கரையோடு, கேட்காமலே.
தாடையை விளக்கடியில் திருப்புகிறேன்.

வயது இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே.
தோள் எலும்பில் தசை இழுத்த மேடு:
வாளி சுமந்தவள், அல்லது மூட்டை.
அப்போது இந்த ஊர்
கடலுக்கப்பால் விலங்கிட்ட கைகள் வெட்டிய கரும்பின்
பழுப்பை வெளுத்துக்கொண்டிருந்தது.
ஆலைத் தரையில் சிந்தியதை
விரலால் தொட்டு நக்கியிருப்பாள்.
இது என் ஊகம். அறிக்கையில் வராது.

அறிக்கையில் வருவது:
இடது கீழ்க் கடைவாய்ப்பல்.
மேலிருந்து பார்த்தால் ஊசிமுனைக் கறுப்பு.
பள்ளத்தில் தங்கிய இனிப்பைத் தின்று
கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்
புளிப்பாக வாடகை கொடுத்திருக்கிறார்கள்.
எனாமல் கடினம். அதைத் தாண்டிவிட்டால்
அடுத்த அடுக்கு மெது, அங்கே கூடமே கட்டலாம்.
வெளியே ஊசித்துளை, உள்ளே குகை.
ஒருநாள் நரம்பு.
அன்றிரவு அவள் தூங்கியிருக்க மாட்டாள்.
பிறகு நரம்பு செத்தது, வலி நின்றது,
சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.
வேரின் அடியில் சீழ் எலும்பைக் கரைத்து
வெளியேற வழி துளைத்திருக்கிறது.
பட்டாணி அளவு வட்டம், ஓரம் வழவழப்பு.
வழவழப்பு என்றால் மாதக்கணக்கு.

பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினாள்
என்று எழுதக் கை வருகிறது. எழுதக்கூடாது.
வலப்பக்கப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன.
இடப்பக்கத்தில் முனைகள் அப்படியே நிற்கின்றன,
புழங்காத குழாயில் படிந்த உப்புபோல
மேலே காரை.
கடிக்கவில்லை அவள். அந்தப் பக்கமே போகவில்லை.
காய்ந்த ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, கோபம்
எல்லாம் வலப்பக்கத்தில்.

எதனால் இறந்தாள்?
சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்ததா,
ரத்தத்தோடு போய்
இதயத்தின் கதவொன்றில் குடியேறியதா,
வெறும் காய்ச்சலா, பிரசவமா.
மெத்தென்றவை எல்லாம் மண்ணாகிவிட்டன.
'தெரியவில்லை' என்று எழுதுகிறேன்.
அந்தச் சொல்லை எழுதப் பதினோரு வருடம் பழகினேன்.

இருநூறு வருட ஈரமண், வேர்கள், புழுக்கள்,
போன மாதம் பொக்லைனின் இரும்புப் பல்.
விலா எலும்புகள் பிஸ்கட்டாய் நொறுங்கின,
இவை மட்டும் பளபளப்பு குறையாமல்.
அந்தத் துளை ஒரு மயிரிழைகூட வளரவில்லை.
பல்லைத் தின்பதற்கு உயிருள்ள வாய் வேண்டும்,
அதன் வெதுவெதுப்பு வேண்டும்,
நாளுக்கு ஐந்தாறு தடவை ஏதோ ஒரு தித்திப்பு வேண்டும்.
சாவு வந்துதான் சொத்தையை நிறுத்தியது.

தேநீரை எடுக்கிறேன்.
வலப்பக்கமாக உறிஞ்சுகிறேன்.

எப்போதிலிருந்து?
மார்ச்சில் ஒரு கூச்சம், குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்.
மே மாதம் இரண்டு இரவு.
பிறகு ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்று
ஸ்ப்ரோட் டாக்டரிடம் வாங்கிய நேரத்தை
நானே ரத்துசெய்தேன்.

நாற்பத்தொன்றைப் பஞ்சில் கிடத்துகிறேன்,
மூடவில்லை.
தொலைபேசியில் காத்திருப்போருக்கான இசை ஓடி
ஒரு பெண் எடுக்கிறாள்.
எந்தப் பக்கம், என்கிறாள்.

பெட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.