கத்தி படக்கூடாது

அதிகாலை மூன்றே கால். கொர்ச்சோவா எல்லை.
நாற்பத்தொரு லாரிகளுக்குப் பிறகு
ஒருவழியாக என் முறை.
பின்னால் இருபது டன் சூரியகாந்தி எண்ணெய்;
அதை யாரும் மோந்துகூடப் பார்க்கவில்லை.
நாய் நேரே என் இருக்கைக்கு ஏறி வந்தது,
கண்ணாடியோரம் ஆடிக்கொண்டிருந்தவளைப் பார்த்தது,
உட்கார்ந்தது.

அது உட்கார்ந்தால் குற்றமாம்.

ஒரு சாண் பொம்மை.
ஆளிநார் உடம்பு, சணல் கூந்தல்,
பாவாடைக்குள் மூலிகைப் பொதி.
முகம் கிடையாது.
கண் எழுதினால் ஏதாவது வந்து குடியேறிவிடும் என்று
யாரினா அந்த இடத்தை
வெறும் வெள்ளைத் துணியாகவே விட்டிருந்தாள்.

"கூந்தல் எதில்?"
சணல் என்றேன்.
எங்கள் பக்கத்துச் சணலும் கஞ்சாவும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
அதை நாய்க்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உள்ளே?"
புதினா. மாசிபத்திரி. சீமைச் சாமந்தி.
"வேறு?"
தெரியாது. கட்டியது நானில்லை.

ஸ்குபிஷ் என்று மார்பில் எழுதியிருந்த பெண்
சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.
வேண்டாம் என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
ஊசி படாமல், கத்தரி படாமல் சுற்றியது அம்மா,
இங்கே அறுத்தால்
என் வீட்டில்தான் ரத்தம் வரும்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
கத்தியை மடக்கினாள். கையுறையைக் கழற்றினாள்.
கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள்.
பசைநாடாவின் நுனியைத் தேடுவதுபோல்
நூலின் நுனியைத் தேடி,
பிடித்து,
இழுக்க ஆரம்பித்தாள்.

எவ்வளவு நூல்!
கியர்க் கம்பியில் இரண்டு சுற்று,
ஸ்டியரிங்கில் ஐந்து,
இன்னும் வந்துகொண்டே இருந்தது.
மூலிகை என் சரக்குப் பட்டியலின்மேல் கொட்டியது.
நாய் தும்மியது.
கடைசியில், எல்லாவற்றுக்கும் நடுவே,
விரல் தடிமனில் ஒரு சுருணை.

நீலக் கட்டம் போட்ட துணி.

என் சட்டை.
மூன்று வாரம் அதற்காகச் சண்டை போட்டேன்.
சட்டை என்ன, தானாக நடந்து போகுமா என்று கேட்டேன்.
போகும் என்றாள் யாரினா,
தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல்.

"ஏதாவது பிரச்சினையா?" என்றாள் ஸ்குபிஷ்.
கண்ணில் மாசிபத்திரி என்றேன்.

திரும்பக் கட்டத்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.
நான் பொதியைப் பிடித்துக்கொள்ள அவள் சுற்றினாள்.
பின்னால் ஹாரன்கள்.
இடுப்பில் ஒன்பது சுற்று இருந்தது என்றாள்,
பதினொன்று என்றேன்,
பத்தில் நிறுத்தினோம்.
மிஞ்சிய நூலைக்கூட
பல்லால்தான் கடித்து அறுத்தாள்.

படிவத்தில் பொருள்: பொம்மை.
பயன்: ஓட்டுநர் தூங்காமல் இருக்க.
மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டு
முத்திரை குத்தினாள்.

இப்போது சற்றுக் கோணலாக ஆடுகிறாள்,
பிள்ளைத்தாய்ச்சி மாதிரி.
காகிதமெல்லாம் புதினா வாசம்.

வியாழக்கிழமை வீடு திரும்புவேன்.
யாரினா என் முகத்தைப் பார்க்குமுன்
இவள் இடுப்பைத்தான் பார்ப்பாள்.
எவள் கட்டியது என்று கேட்பாள்.
சொல்லத்தான் வேண்டும்:
கடித்த நகமுள்ள ஒருத்தியைப் பற்றியும்,
எல்லை வரைக்கும்
நடந்தே வந்த என் சட்டையைப் பற்றியும்.