இங்கே ஓடியது

ஊர் பெயர் அனகோண்டா, மொன்டானா.
பாம்பு கிடையாது.
செம்பு உருக்கிய காலத்துக் கசடு
கருப்பு மலையாய்க் குவிந்து கிடக்கிறது.
அதற்கு இந்தப் பக்கத்து வெட்டவெளியில்
ஞாயிற்றுக்கிழமைகளில் டிரக் விடுகிறோம்,
முழங்கால் உயர டிரக்,
நைட்ரோ குடித்து ஓடுகிறவை.
ஆறேழு பேர். ஒரு நாய்.

என்னுடையது இரண்டாவது கியருக்குப் போகவில்லை.

முதல் கியரிலேயே கத்தும்.
அதுவும் முழுக் கத்தல் இல்லை,
சளி பிடித்தவன் சண்டைக்கு வந்ததுபோல.
பின்னால் கொத்துக் கொத்தாய் நீலப்புகை.
டுவைலாவின் டிரக் என்னைத் தாண்டிப் போகும்,
சுற்றி வந்து
மறுபடியும் தாண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் பவுலிங் கூடத்தில்
பின் அடுக்கும் இயந்திரங்களின் வயிற்றுக்குள்
தோள்வரை கைவிட்டுப் பிழைப்பவள் நான்.
ஒரு பொம்மையிடம் தோற்பதா?

கியர்பெட்டியில் சின்ன ரப்பர் அடைப்பு.
அதைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை மெல்ல உருட்டினால்
துளைக்குள் ஒரு திருகு வந்து எட்டிப் பார்க்கும்,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.
இடப்பக்கம் திருப்பினால் கியர் சீக்கிரம் மாறும்,
வலப்பக்கம் என்றால் தாமதம்.
ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று,
மேலே போகாதே என்கிறது கையேடு.

சாவி உட்காரவில்லை.
திருகின் விளிம்பில் சிவப்பாய் ஏதோ காய்ந்திருந்தது.
அழுக்கென்று நகத்தால் சுரண்டி எறிந்தேன்.

அரைக்கால். ஓட்டினேன். இல்லை.
இன்னொரு அரைக்கால். இல்லை.
கால்.
அப்புறம் கோபத்தில் எவ்வளவோ.

விற்றவருக்கு எழுதினேன்:
ஹோலிஸ் ட்ராஹன், கால்வெஸ்டன், டெக்சாஸ்.
அவருடைய டிரக்கில் தொடங்கி
அவருடைய நேர்மை வழியாக
அவரைப் பெற்றவர்கள்வரை போனேன்.
பதில் இரண்டே சொல்:
"இங்கே ஓடியது."

அக்டோபர் கடைசி ஞாயிறு.
ஓடி நின்ற டிரக்குமேல் குனிந்தாள் டுவைலா,
கையில் வியர்த்த பீர் டப்பா.
எஞ்சின் தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

சுர்ரென்று செத்திருக்க வேண்டும் அது.
உட்கார்ந்திருந்தது,
சூடேறாத கல்லில் தெளித்த தண்ணீர்போல.
இருவரும் பார்த்தோம்.
நாயும் வந்து பார்த்தது.

"இது ஓடவே இல்லையடி," என்றாள், "குடித்திருக்கிறது."

இங்கே கடலுக்கு மேலே ஐயாயிரத்து முந்நூறு அடி.
கால்வெஸ்டனில் கடல் வாசற்படியில்.
அந்தக் கனத்த காற்றுக்கு அளந்துவைத்த எரிபொருள்
இந்த மெலிந்த காற்றில் திகட்டியிருக்கிறது.
திகட்டினவன் எங்கே ஓடுவான்,
வேகம் ஏறாமல் கியர் எதற்கு மாறும்?
திருகு பாவம்.
ட்ராஹன் அதைவிடப் பாவம்.

கார்புரேட்டர் ஊசியை வலப்பக்கம் இறுக்கினேன்,
கடிகார முள் பன்னிரண்டிலிருந்து
ஒன்றுக்குப் போகிற அளவு.
பிறகு இரண்டுக்கு.
புகை மெலிந்து நூலானது.
குரல் உடைந்து, உயர்ந்து,
கசடு மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

கியர் மாறியது!
நாலே அடியில்.
கிளம்புமுன்னே மாறி, மூச்சுத் திணறி,
தவழ்ந்துபோய் நின்றது.

பழைய கோளாறு தீர்ந்துவிட்டது.
இப்போது இருப்பது முழுக்க என் கைவண்ணம்.

இரவு கால்வெஸ்டனுக்கு ஃபோன் செய்தேன்.
மன்னிப்பு என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன்,
வாயில் வந்தது வேறு:
"அந்தத் திருகு முதலில் எங்கே நின்றது?"

மறுமுனையில் தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள்.
"எண்ணி வைக்கவில்லையே, மிஸ் ஸ்டிம்மாக்.
பெண்ணின் நகப்பூச்சால் கோடு போட்டிருந்தேன்.
சிவப்பு. தெரியுமே?"

என் கட்டைவிரலைப் பார்த்தேன்.
எத்தனை சோப்புக்கும் போகாமல்
நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"தெரியும்," என்றேன்.