காரணம் என்ற கட்டம்

பஹாவில் மூன்று வாரமாக மழை.
ஆபீஸ் தகரத்தின் சத்தத்தில்
நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை.
பதினேழாம் பிளாக்கில்
செம்பனை செம்பனையாக அண்ணாந்து எண்ணினேன்:
ஆண் பாளை. ஆண் பாளை. ஆண் பாளை.
ஈரத்திலும் சோம்பு மாதிரி ஒரு வாசனை.
குலை இல்லை.

"இவ்வளவு தண்ணி குடிக்குது, காய்க்க என்ன கேடு, சுகந்தா?
உன் ஆளுங்க உள்ளே படுத்துத் தூங்குறானுங்க"
என்றார் மானேஜர்.
படியில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றான் முனீர்.
அவனுக்குச் சம்பளம் குலைக் கணக்கு.

மரத்துக்கு இந்த மழை தெரியும்.
ஆனால் அதன் பாளை
இன்னும் வேறொரு மாதத்தில் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய மார்ச்.
நாற்பத்தொரு நாள் ஒரு சொட்டு விழவில்லை.
பத்து மணிக்கே
ஓலையின் அடிப்புறத்துக் கோடி வாய்களும்
ஒன்றையொன்று கேட்காமல் மூடிக்கொண்டன.
உள்ளிருக்கும் நீர் போகக் கூடாது.
அதற்கு விலை: காற்றும் வராது.
வெயில் தலைமேல் கொட்டிக் கிடக்க
சமைக்க வழியின்றி நின்றன பச்சை அடுப்புகள்.
உச்சியில் குருத்துகள் விரியவே இல்லை,
மரத்துக்கு நாலு ஈட்டி, அஞ்சு ஈட்டி.

அந்த மார்ச்சில்தான்
மட்டையிடுக்கில், நகக்கண் அளவுகூட இல்லாத மொட்டு
தான் என்னவாவது என்று முடிவு செய்தது.
காய் சுமக்கக் கட்டாது,
தூளாகவே போய்விடலாம்.

முடிவு செய்தது என்பது என் பேச்சு.
அங்கே யோசிக்க யாருமில்லை.
சர்க்கரை குறைந்தது, அவ்வளவுதான்.

மாதப் பாரத்தில் 'காரணம்' என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்.
எனக்கு முன்னிருந்த கிராணி
எல்லா மாதமும் எழுதி வைத்திருந்தார்: ஆள் சோம்பல்.
நான் எழுதினேன்: மார்ச், ஈராண்டு முன்.
சிவப்பில் சுழித்துத் திரும்பி வந்தது.

மழைப் பதிவேட்டை
அந்தப் பக்கத்தில் விரித்து
மானேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
எல்லாம் என் கையெழுத்து.
ஒன்றின்மேல் தேநீர்க் கறை.

வெளியே முனீர் மலாயில் கேட்டான்:
இந்த மழைக்கு எப்போது காய்க்கும்?
விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்.
அவன் பெர்மிட் அதற்கு முன்பே முடிகிறது.
"அப்ப அது வேற யாருக்கோ" என்று
கொக்கியரிவாளைத் தோள் மாற்றிக்கொண்டு
உதிரிப்பழம் பொறுக்கப் போனான்,
மழை விடாமல்.