மறதி – 2.00

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் கோமளாவை.
விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறப் போனவள்
என் கையில் வைத்தாள்
நூற்றிருபது வெள்ளியும்
ஓரம் மடங்கிய அந்த 555 புத்தகமும்.
"பார்த்து வாங்குங்க."

ஜெலுத்தோங் சந்தையில் ஏழு மணிக்கே நின்றேன்,
முதல் ஆளாக, பெருமையாக.
கெம்போங் மீன் கிலோ பதினெட்டு.
கண் பளிச்சென்று இருந்தது, செவுள் சிவந்திருந்தது.
நிறுக்கச் சொன்னேன்.
பொட்டலம் கட்டிக்கொண்டே மலாயில் கேட்டார் ஆ செங்:
"உன் பெண்டாட்டி பதினொரு மணிக்குத்தானே வரும்?"
பதினொரு மணிக்கு அதே மீன் பன்னிரண்டாம்.
கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்குமாம்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம்
கண் கலங்கிய மீனைத்தான் தின்றிருக்கிறேன்.
குழம்பில் ஒருநாளும் தெரிந்ததில்லை.

கோழி வாங்கினேன். முட்டை ஒரு தட்டு.
வெங்காயம், காய்ந்த மிளகாய், சாவி கீரை,
ஆளுக்கு இரண்டுதான் என்று கொடுத்த பொட்டல எண்ணெய்.
பை கொண்டுபோகவில்லை;
மினி மார்க்கெட்டில் ஒரு வெள்ளிக்கு ஒரு பை.
கையில் மிஞ்சியது மூன்று வெள்ளி அறுபது காசு.
தேங்காய் இன்னும் வாங்கவில்லை.

காப்பிக் கடையில் நின்றபடியே
இவள் எப்படித்தான் சமாளிக்கிறாள் என்று
புத்தகத்தைப் புரட்டினேன்.
தமிழ்ப்பள்ளிக் கையெழுத்து, இன்னும் உருண்டையாக.

*தேங்காய் பாதி. மறுபாதி மேல்மாடி செல்லம்மா.*
*வாடின கீரை, ஐம்பது காசு குறைச்சான்.*
*லோகேன் பள்ளிச் சுற்றுலா. கோழி வேண்டாம்.*
*கோழி வேண்டாம்.*
*முட்டை.*

அந்த வாரம் நான் கேட்டேன், நினைவிருக்கிறது,
"என்ன, மறுபடியும் முட்டையா?"

பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு வரி:
*மறதி 2.00*
சிரிப்பு வந்தது.
ஐந்து காசுக்குக் கடைக்காரனைத் திரும்பக் கூப்பிடுகிறவள்,
இவளுக்கு மறதியா?
*மறதி 2.00. மறதி 4.00. மறதி 2.00.*
பிறகு மார்ச் மாதம், மூன்றாம் வாரம்:
*மறதி 10.00.*

சிரிப்பு அங்கேயே நின்றது.

மார்ச் மூன்றாம் வாரம்
பாலத்தில் என் காரை இடித்தது ஒரு மணல் லாரி.
உயிர் தப்பியது அதிர்ஷ்டம் என்றார்கள் எல்லோரும்.
அதிர்ஷ்டத்தைச் சும்மா விடலாமா என்று
அந்த லாரியின் நம்பரை எடுத்தேன்.
மைலோ டின்னிலிருந்து பத்து வெள்ளி.
சத்தம் வராமல் மூடியைத் திறக்க எனக்குத் தெரியும்
என்று நினைத்திருந்தேன்.

எத்தனை வாரம்.
திருட்டு என்று எழுதியிருக்கலாம். என் பேரை எழுதியிருக்கலாம்.
கணக்கில் உதைக்கும் இடத்துக்கு
ஒரு சொல்லைத் தேடிப் போட்டு
அதைத் தன் தலையில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எதிரே நம்பர் கடை ஷட்டரைத் தூக்கினார்கள்.
ஞாயிறு, குலுக்கல் நாள்.
மூன்று வெள்ளி அறுபது
சட்டைப் பையில் சூடாக இருந்தது.
பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நிமிஷம் நின்றேன்.
18, 12: மீன் விலையே நாலு இலக்கமாக நிற்கிறது.

பிறகு துருவிய தேங்காய் வாங்கினேன், மூன்று வெள்ளிக்கு.
(பாதித் தேங்காய் போதுமென்று செல்லம்மாவிடம் போய்க் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.)

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.
மீன் எழுதும்போது கை கூசியது.
கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.
மறதி என்று எழுதாமல் விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்,
எனக்குத் தெரிந்துவிட்டதென்று.
சுழியம் போட்டால் இன்னும் மோசம்.
யோசித்து, உள்ளதை எழுதினேன்:
*மறதி 1.00*

இருட்டிய பிறகு வந்தாள், கால் வீங்கி.
குளிப்பதற்கு முன்பே புத்தகத்தை எடுத்தாள்.
மீன் விலையில் புருவம் ஏறியது, இறங்கியது.
விரல் அடிவரிக்கு வந்தது.
அங்கே நின்றது, வெகு நேரம்.
நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்,
"பை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

புத்தகத்தை மூடினாள்.
"கதவுக்குப் பின்னாலதான் தொங்குது," என்றாள்.
"அடுத்த வாரமும் நீங்களே போங்க.
பதினொரு மணிக்கு."