இருநூறுக்குள்

தில்லியில் எங்கள் வீட்டு எல்லைக்கோடு இருநூறு.
மாதம் அத்தனை யூனிட்டுக்குள் அடங்கினால்
பில்லில் ஒற்றைச் சுழியம்.
இருநூற்றொன்று ஆனால்
நாங்கள் இருப்பது அரசாங்கத்துக்கு நினைவு வரும்.
போன ஜனவரி, கீசர் புண்ணியத்தில்,
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான்
ஓக்லா ஆபீசில் கழித்துப்போட்ட சர்வரை
ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
இலவசம். பதினோரு கிலோ.
வாட் மீட்டரில் செருகினால்
சும்மா இருப்பதற்கே தொண்ணூற்றைந்து.
மிச்சக் கணக்கை அமலோற்பவம் போட்டாள்,
மருந்துச் சீட்டின் பின்புறத்தில்:
ஒரு வாட் இரவும் பகலும் எரிந்தால்
மாதத்துக்கு முக்கால் யூனிட், கொஞ்சம் குறைய.
ஆக, அறுபத்தெட்டு.
"இது படம் பார்க்கவா, வெந்நீர் போடவா?"

நேரு ப்ளேஸ். இரண்டாம் மாடி. லிஃப்டில் கோணிமூட்டை.
தல்விந்தர் கடைக்கு எல்லோரும் வேகம் கேட்டு வருகிறார்கள்.
நான் மெதுவானது கேட்டேன்.
எவ்வளவு மெதுவாக என்றார்.
விசிறி தேவைப்படாத அளவுக்கு.
மேசைக்கடியில் குனிந்து, தும்மி, எடுத்தார்:
ஏதோ வங்கி தலைமுழுகிய பெட்டி,
சாப்பாட்டு டப்பா உயரம்,
'கவுண்டர் 7' ஸ்டிக்கர் பாதி கிழிந்து.
அடாப்டருக்குத் தனியாக முந்நூறு.
பையிலிருந்து மீட்டரை எடுத்ததும் சிரித்தார்.
எண் தடுமாறித் தடுமாறி
ஆறில் நின்றது. அவரும் நின்றார்.

திரையே இல்லாத பெட்டிக்கு
ஜன்னல் எதற்கு, மவுஸ் எதற்கு?
வெறும் லினக்ஸ். அதன்மேல் ஜெல்லிஃபின்.
அதற்கும் சொல்லிவைத்தேன்:
போஸ்டர் தேடி அலையாதே,
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து
புத்திசாலித்தனம் எதுவும் செய்யாதே.

அமலோற்பவம் காதுமெஷினைக் கழற்றுவது ஒன்பதரைக்கு.
அதற்குமேல் படம் என்றால் அடியில் எழுத்து ஓட வேண்டும்.
எழுத்தைப் போட்டேன்.
ஆறு, பத்தொன்பது ஆனது.
பழைய டிஸ்க்குகளில் எழுத்தும் படமாகவே கிடக்கிறது.
ஒவ்வொரு சொல்லையும் காட்சியோடு சேர்த்துப்
புதிதாக வார்த்துத் தரவேண்டும், பாவம், கவுண்டர் ஏழு.

எனவே தட்டச்ச உட்கார்ந்தேன்.
தனிக்கோப்பு, வெறும் எழுத்து, நிமிடம், நொடி.
டிவியே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.
மூன்று படம் முடித்த தெம்பில்
மகளின் ஞானஸ்நான வீடியோவுக்கும் போட்டேன்.
[தண்ணீர்]
[அழுகை]
[யாரோ செருப்பைத் திட்டுகிறார்]
கடைசி வரியை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.
"யாரு?"
"உங்கப்பா."
பத்து வருஷமாக அவருக்கு அன்று ஜெபம் என்று நினைத்திருக்கிறாள்.

ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் பாக்கி.
இருபது நிமிடம் வேலை இல்லையென்றால் உறங்கு
என்று எழுதியிருந்தேன். உறங்குகிறது என்றே நம்பினேன்.
கீழே கல்யாணப் பந்தல் ஜெனரேட்டர்,
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
அலமாரியைத் துடைக்கப் போனவள்
துணியோடு நின்றாள்.
"தூங்கலை."
காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
"காதை இல்ல, கையை."
பலகைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு நடுக்கம்.

தேடிப் பிடிக்க இரண்டு இரவு.
எத்தனை வாட் மிச்சம் என்று
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்க
நானே எழுதிய நிரல்.
'எல்லாம் அமைதி' என்று ஒரு வரி எழுத
ஒவ்வொரு தடவையும்
உறங்கப்போகும் டிஸ்க்கைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

நிறுத்தினேன்.
பதினொன்று இருபது. பலகையில் அவள் கை.
நான் ஏதோ சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை,
பதிலுக்கு விரலை உயர்த்தினாள்: பொறு.
பதினொன்று நாற்பது.
கையை எடுத்தாள்.
எடுத்த கையாலேயே
அறை விளக்கை அணைத்தாள்.
அது ஒன்பது வாட்.