இரண்டு வளையங்கள்

எல் ஆல்தோவில் ஜூன் மாதக் குளிருக்கு
பசையும் டப்பாவுக்குள் கல்லாகிவிடும்.
நேற்றிரவு வாழைப்பழப் பெட்டி அட்டையில்
நான் வெட்டிய நாற்கரங்கள் இருபத்திமூன்று.
தரையில் இரண்டு வளையங்கள்,
உடற்பயிற்சி அறையிலிருந்து கடன்.

சிவப்புக்குள்: மூலையெல்லாம் செங்கோணம்.
நீலத்துக்குள்: பக்கமெல்லாம் சமம்.
ஆளுக்கொன்றாக வையுங்கள் என்றேன்.

செவெரினோ கையில் சதுரம்.
சிவப்பில் வைத்தான், எடுத்தான்.
நீலத்தில் வைத்தான், எடுத்தான்.
முனையில் நிறுத்தி
"இப்போ இது சதுரமே இல்லை டீச்சர், சாய்சதுரம்"
என்று தப்பிக்கப் பார்த்தான்.
"தலையைச் சாய்த்தால் நீ வேறு ஆளா?"
கேட்டவள் இல்லாரி. கையுறையில் இரண்டு விரல் ஓட்டை.

கூச்சல். கத்தரித்து
ஆளுக்குப் பாதி வைக்கலாம் என்றான் ஒருவன்.
என் பாடக்குறிப்பில் இதற்கு வரி இல்லை.
வாயைத் திறக்கப் போனேன்,

அதற்குள் இல்லாரி நீல வளையத்தைக்
காலால் தள்ளிவிட்டாள்.
சிமெண்டில் கிரீச்சிட்டுப் போய்
சிவப்பின்மேல் பாதி ஏறி நின்றது அது.
நடுவே மீன் வடிவில் ஒரு சின்ன அறை.
செவெரினோ குனிந்தான்.
மூச்சுவிடாமல் உள்ளே வைத்தான்.

பிறகுதான் ஃபவுஸ்தோ உள்ளங்கையை விரித்தான்.
சரிவகம்.
ஒரு மூலையும் நேரில்லை,
நாலு பக்கமும் நாலு அளவு.
"இது?"
எதிலும் இல்லை, வெளியே வை என்றேன்.
சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.
அவன் வைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டான்.

மதியம் கேபிள் கார் நிலையத்தில் அவனைக் கண்டேன்.
வந்து நின்ற கேபினின் கண்ணாடியில்
அட்டையை அழுத்திப் பொருத்திப் பார்த்தான்.
ஒரு மூலை இடித்தது.
ஏறாமல்
அடுத்த கேபினுக்கு நின்றான்.